சும்மா பாடினா சேவை, சம்பளத்துக்கு ஊதினா தொழிலா?

வேலும் மயிலும் துணை.

இந்தத் தடவை தல வரலாறோ விரத முறையோ இல்லைங்க. ஒரு வருஷமா என் மனசுல முள்ளு மாதிரி தங்கிட்ட ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமா இருக்கும். ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி முழுசா படிங்க, அது போதும்.

நான் போடிக்காரன். எங்க ஊருல விடியக்காலம் அஞ்சு மணிக்கு ரோட்டுல நின்னு பாருங்க. ஜீப் ஜீப்பா பொம்பளைங்க ஏறிட்டு இருப்பாங்க. முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறைன்னு ஏலத்தோட்டங்களுக்குப் போறவங்க. ஏலக்காய் உச்சாணிக் கொம்புல காய்க்கிறது இல்லை. செடியோட அடியில, தரையோட தரையா சரம் ஓடும். நாள் முழுக்க குனிஞ்சும் குத்தவெச்சும்தான் எடுக்கணும். மழைக் காலத்துல தலைக்குப் பிளாஸ்டிக் சீட்டு, காலுல அட்டைக்கடி. சாயங்காலம் இருட்டுற நேரத்துக்குத்தான் அந்த ஜீப் திரும்ப வரும்.

அவங்க பிள்ளைங்க சாயங்காலம் எங்க தெரு முருகன் கோயில் மண்டபத்துல விளையாடிக்கிட்டு இருப்பாங்க. நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது ஆறு வருஷம் வாய்ப்பாட்டு கத்துக்கிட்டேன். இப்ப தேனியில வேலை. மாசச் சம்பளம் வருது. மூணு வருஷத்துக்கு முன்னாடி, "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருக்கோம், இந்தப் பிள்ளைங்களுக்குத் திருப்புகழ் சொல்லிக்கொடுத்தா என்ன?"ன்னு தோணுச்சு. ஆரம்பிச்சேன். நாலு பேருல தொடங்கி இருபது பேர் ஆச்சு. காசு வாங்கல. சுருதிக்குப் போனுல இருக்குற ஆப், தாளத்துக்குத் தொடை. வீடியோ எடுத்து குரூப்புல போட்டா, "என்ன ஒரு சேவை", "முருகன் உங்களை நல்லா வெச்சிருப்பார்"னு நூறு பேர் எழுதுவாங்க. உண்மையைச் சொல்றேன், அதைப் படிக்க நல்லா இருந்துச்சு.

முள்ளு குத்துனது கந்த சஷ்டிக்கு.

விழாக் கமிட்டி கூட்டம். எந்தக் கோயில்னு சொல்ல வேண்டாம். எப்பவும் ஆறு நாளும், ஏழாம் நாள் திருக்கல்யாணத்துக்கும் நாயனம், தவில், ஒத்து, தாளம்னு மேளம் வரும். செலவுக் கணக்கு போட்டுக்கிட்டு இருந்த ஒருத்தர் சொன்னார்: "அதான் நம்ம பிள்ளைங்க தினமும் திருப்புகழ் பாடுறாங்களே. மேளம் தினமும் எதுக்கு? சூரசம்ஹாரத்துக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் சொல்லிருவோம். மத்த நாளைக்குத்தான் மிஷின் இருக்கே." எல்லாரும் தலையாட்டினாங்க. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசல. பேசாதது மட்டும் இல்லை, நம்ம பிள்ளைங்களுக்கு நேரம் கூடக் கிடைக்குதேன்னு உள்ளுக்குள்ள சந்தோஷம்.

மிஷின் தெரியும்ல? கரண்ட்டுல ஓடுற மணியும் பறையும் தாளமும் சேர்ந்த பெட்டி. சுவிட்சைப் போட்டா டங்கு டங்குன்னு அடிக்கும். தீபாராதனை முடிஞ்சும் யாராவது அணைக்க மறந்துட்டா அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குச் சாமி வந்துச்சா போச்சான்னு தெரியாது.

நாலாம் நாள் நாங்க பாடுறப்ப நாயனக்கார ஐயா வந்தார். வாசிக்க இல்லை, சும்மா சாமி கும்பிட. தூண் ஓரத்துல நின்னு கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டார். எழுபதை நெருங்குற வயசு. முடிஞ்சதும் நான் போய்க் கும்பிட்டேன்.

"நல்லாப் பாடுறாங்க தம்பி. அந்த ஹம்சானந்திப் பாட்டுல மட்டும் தைவதத்துல தொய்யுறாங்க. நிமித்திப் பிடிக்கச் சொல்லுங்க."

"சரிங்கய்யா."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம்தான் கேட்டார். கோபமெல்லாம் இல்லை. "ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? நீங்க சும்மா பாடுறீங்க, எல்லாரும் சேவைங்கிறாங்க. நல்லது. எங்கப்பா, தாத்தா காலத்துல இருந்து இந்தச் சாமிக்கு நாங்க ஊதுறோம். கூலி வாங்கிட்டு ஊதுறதால அது சேவை இல்லாமப் போயிருமா?"

பதில் சொல்லத் தெரியல. அவர் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு நானே வக்கீலா வாதாடினேன். சும்மாங்கிற சொல்லுக்கு நம்ம மரபுல பெரிய மரியாதை உண்டு. அருணகிரியாருக்கு முருகன் உபதேசம் பண்ணினதே சும்மா இருக்கச் சொல்லித்தான்னு பெரியவங்க சொல்லுவாங்க. அது மட்டுமா? இன்னிக்கு நம்ம வாயில திருப்புகழ் இருக்குன்னா அதுக்குக் காரணமே சும்மா உழைச்சவங்கதான். வ.த. சுப்பிரமணிய பிள்ளை முன்சீப்பா வேலை பார்த்தவர். ஒரே ஒரு திருப்புகழ் பாட்டைக் கேட்டு மயங்கி, ஊர் ஊரா ஏட்டுச்சுவடி தேடி அலைஞ்சு, 1890கள்ல அச்சுல கொண்டு வந்தார். அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை அதைத் தொடர்ந்து பதிப்பிச்சு உரையும் எழுதினார். மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர் துறவியாகி, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளா ஊர் ஊராப் போய்த் திருப்புகழைப் பரப்பினார். 1950ல சமாதி ஆகுற வரைக்கும் அதே வேலை. திருத்தணியில டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுல பாடிக்கிட்டே ஏறுறோம்ல, அந்த வழக்கமும் அவர் ஆரம்பிச்சு வெச்சது. தில்லியில ஏ.எஸ். ராகவன், 'குருஜி'ன்னு எல்லாரும் கூப்பிடுறவர், கர்நாடக ராகங்கள்ல நூத்துக்கணக்கான திருப்புகழுக்கு மெட்டமைச்சு, கட்டணம் இல்லாம சொல்லிக்கொடுத்தார். அவர்கிட்ட கத்துக்கிட்டவங்க இன்னிக்கு எத்தனையோ ஊர்ல, வெளிநாட்டுல கூட, அதே மாதிரி சும்மாவே சொல்லிக்கொடுக்கிறாங்க. நான் பாடுற மெட்டுல பாதி அந்த வழியா வந்ததுதான்.

இவ்வளவு பெரிய வரிசையில நானும் ஒரு கடைசி ஆளுன்னு நினைச்சா நிம்மதியா இருந்துச்சு. ஆனா தூக்கம் வரல. ஏன்னா அந்த வரிசையைத் திரும்பப் பாருங்க. ஒருத்தர் முன்சீப். ஒருத்தர் துறவி, அவருக்கு அடியார் வீட்டுல சோறு. ஒருத்தருக்குத் தில்லியில உத்தியோகம். எனக்குத் தேனியில சம்பளம். எங்க எல்லாருக்கும் அடுப்பு வேற எங்கேயோ எரியுது. அதனால சும்மா கொடுக்க முடியுது. இதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா இதையே அளவுகோலா வெச்சு, காசு வாங்காதவன் பக்தன், வாங்கினவன் தொழில்காரன்னு பிரிச்சா, அடுப்பு எரியாதவனுக்குப் பக்தியே கிடையாதுன்னு ஆயிரும். அந்தப் பிரிவினையைத்தான் கமிட்டி பண்ணுச்சு. நான் தலையாட்டினேன்.

நம்ம முன்னோர் அப்படிப் பிரிக்கல. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டை எடுத்துக்கோங்க. ராஜராஜன் திருப்பதியம் பாடுறதுக்கு 48 பேரை வெச்சான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருத்தர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருத்தர். ஆக 50 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு குறுணி நெல்லு. அதே கோயில்ல ஆடுறதுக்கும் பாடுறதுக்கும் 400 தளிச்சேரிப் பெண்டுகள், ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல்லு. சாமிக்குத் தேவாரம் பாடுறவனுக்கு நெல்லு எதுக்கு, பக்தி இருந்தா சும்மா பாடட்டுமேன்னு அவன் சொல்லல. நெல்லோட அளவைக் கல்லுல வெட்டி வெச்சான். அடுத்து வர்ற ராஜாவோ கமிட்டியோ குறைச்சிரக் கூடாதுன்னுதான் கல்லுல வெட்டியிருப்பான்னு எனக்கு ஒரு எண்ணம். கோயில் ஊழியத்துக்கு மானிய நிலம் விட்ட வழக்கமும் அப்படித்தான். ஊழியம்னா சம்பளம் இல்லாத வேலைன்னு அர்த்தம் இல்லை.

சரி, கொடுத்துக்கிட்டே இருந்தவங்க கதை என்ன ஆச்சுன்னும் பார்க்கணும்ல. நம்ம மதுரையில 1916ல பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா. 1944ல கஸ்தூரிபா நினைவு நிதிக்காக அஞ்சு கச்சேரி பாடினாங்க. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்குன்னு எத்தனை நிதிக் கச்சேரி பாடினாங்கன்னு சொல்லி மாளாது. 1963ல வந்த வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டு இருக்கே, காலையில எந்த டீக்கடையில நின்னாலும் காதுல விழுமே, அதோட ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தோட வேத பாடசாலைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எழுபதுகளோட கடைசியில அந்தக் குடும்பமே பணக்கஷ்டத்துல இருந்துச்சுங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் கொடுத்தவங்க வீட்டுல இல்லை. சும்மா பணம் கொடுத்தா அவங்க வாங்கிக்கவும் மாட்டாங்க. அப்ப திருமலை தேவஸ்தானம் என்ன பண்ணுச்சுன்னா, அன்னமய்யா கீர்த்தனைகளைப் பாடித் தரச் சொல்லி 'பாலாஜி பஞ்சரத்னமாலா'ன்னு இசைத்தட்டுகள் போட ஏற்பாடு பண்ணுச்சு. அறுபது வயசுக்கு மேல அவங்க உட்கார்ந்து புதுசாப் பாடம் பண்ணிப் பாடினாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் எதுன்னா, அவங்களுக்குப் பிச்சை போடல, வேலை கொடுத்தாங்க. அவங்க மரியாதையும் கெடல, நமக்கு அன்னமய்யா கிடைச்சார். எங்க நாயனக்கார ஐயாவுக்கும் கமிட்டி அப்படி ஒரு வேலையைத்தான் வருஷா வருஷம் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு. அதைத்தான் எங்க சேவை புடுங்கிருச்சு.

இன்னொரு மதுரைக்காரர் பேரு சொல்லாம முருகன் பக்கத்துல இசையைப் பத்திப் பேசவே முடியாது. மதுரை சோமு. 1972ல வந்த 'தெய்வம்' படத்துல மருதமலை முருகனைப் பத்தி உடம்பே நடுங்குற மாதிரி ஒருத்தர் பாடுவாரே, திரையிலயும் அவரேதான். கண்ணதாசன் எழுத, குன்னக்குடி வைத்தியநாதன் இசை. படத்தால ஊருக்கெல்லாம் தெரிஞ்சார், ஆனா அவர் ஆள் அதைவிடப் பெருசு. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைகிட்ட வருஷக்கணக்கா குருகுலவாசம். அசல் கர்நாடக வித்வான். ஆனா அவரோட நிஜமான மேடை கோயில் திருவிழாதான். ராத்திரி ஆரம்பிச்சா விடிய விடியப் பாடுவார். கீழ மண்ணுல துண்டை விரிச்சு உட்கார்ந்திருக்குற ஜனத்துக்கு ராகம் பேரு தெரியாது, தாளக் கணக்கு தெரியாது. ஆனா எந்திரிச்சுப் போக மாட்டாங்க. முருகன்கிட்ட உரிமையாச் சண்டை பிடிக்கிற மாதிரி நீலமணி ராகத்துல அவர் பாடுற பாட்டு வந்தா கண்ணைத் துடைச்சுக்குவாங்கன்னு எங்க தாத்தா சொல்வார்.

சோமு சன்மானம் வாங்கித்தான் பாடினார். அதனால அது சேவை இல்லையா? வித்வான் சன்மானம் வாங்கினார், பக்தன் விடியற வரைக்கும் பாடினார், ரெண்டு பேரும் ஒரே ஆளு. மூணு மணி நேரத்துக்குப் பேசின காசுக்கு ஆறு மணி நேரம் பாடுறவரை எந்தக் கணக்குல எழுதுவீங்க? (அவருக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது, சங்கீத கலாநிதி கிடைக்கல. அது வேற கதை, வேற நாள் பேசலாம்.)

இப்ப நாயனத்துக்கு வர்றேன். புத்தகத்துல நாகஸ்வரம், பேப்பர்ல நாதஸ்வரம், எங்க ஊருல நாயனம். ஆச்சா மரத்துல கடைஞ்சு, நாணல் சீவாளி மாட்டி, மூச்சைக் கொடுத்து ஊதணும். நரசிங்கம்பேட்டையில செய்யுற நாகஸ்வரத்துக்கு 2022ல புவிசார் குறியீடு கூடக் கிடைச்சிருக்கு. செய்யுற ஊருக்குக் குறியீடு, ஊதுறவனுக்கு ரெண்டு நாள் வேலை. போகட்டும்.

நான் சொல்ல வந்தது வேற. நம்ம இசையில டிக்கெட் இல்லாம, கதவு இல்லாம, உட்கார நாற்காலி தேடாம ஒருத்தன் முழு ராக ஆலாபனை கேட்க முடிஞ்ச ஒரே இடம் கோயில் மேளம்தான். சபா வர்றதுக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னாடியே இது இருந்துச்சு. காலையில பூபாளம், சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. வயலுல நடவு நடுறவங்க காதுல விழும், கிணத்துல தண்ணி இறைக்கிறவங்க காதுல விழும். கோயிலுக்குள்ள விடாத ஜனங்க காதுலயும் விழுந்துச்சு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள வைத்தியநாதய்யர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைச்சுக்கிட்டுப் போனது 1939 ஜூலை 8ஆம் தேதிதான். அதுவரைக்கும் எத்தனை தலைமுறை வெளியில நின்னுச்சு! தேர் போகாத தெருவும் இருந்துச்சு. கல்யாணியும் தோடியும் மட்டும் சுவரைத் தாண்டி அந்தத் தெருவுக்கும் போச்சு. அதைப் பெருமையாச் சொல்லல. வெட்கப்பட வேண்டிய கதையில ஊதுறவனோட மூச்சு ஒண்ணு மட்டும் யார்னு கேட்காமப் போச்சுன்னு சொல்றேன்.

இத்தனைக்கும் அந்த ஊதுறவங்களுக்கே மரியாதை சரியாக் கிடைச்சதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எதுக்குக் கிராப்பு வெச்சு, கோட்டுப் போட்டு, மேடை கேட்டு அடம் பிடிச்சார்னு நினைக்கிறீங்க? திமிருன்னு சொன்னாங்க. பல்லக்குக்கு முன்னாடி நடந்துக்கிட்டே ஊதிப் பார்த்தவனுக்குத்தான் அந்தத் திமிரோட அர்த்தம் தெரியும். 1947 ஆகஸ்ட்ல தில்லியில சுதந்திரத்தை வரவேற்று வாசிச்சது அவரோட நாயனம்.

சமுதாயத்துக்கு இசையைக் கொண்டு போறதைப் பத்தி இப்ப நிறையப் பேசுறோம். நல்ல விஷயம்தான். சென்னையில டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் 2015ல ஊரூர் ஆல்காட் குப்பத்துல மீனவர் தெருவுலயே விழா நடத்தினாங்க. அவரோட மத்த கருத்துல உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமப் போகலாம். அந்த விழாவுல கர்நாடக இசை மட்டும் இல்லை, பறையும் இருந்துச்சு. "நாங்க கொடுக்கிறோம், நீங்க வாங்கிக்கோங்க"ங்கிற தோரணையை உடைக்கணும்னா அப்படித்தான் பண்ணணும்.

எனக்கு அந்தத் தோரணை இருந்துச்சு. மலையடிவாரத்துப் பிள்ளைங்களுக்கு நான் சங்கீதம் "கொண்டு போனேன்"னு நினைச்சேன். தொல்காப்பியத்தைக் கேட்டா மலை நம்ம சேயோனுக்குச் சொந்தம். குறிஞ்சிக்குன்னு தனிப் பண் உண்டு, தனி யாழ் உண்டு, தொண்டகம்னு தனிப் பறை உண்டு. திருமுருகாற்றுப்படையில நக்கீரர் குன்றுதோறாடலைச் சொல்லும்போது, மலை மக்கள் தொண்டகப் பறை கொட்டிக் குரவை ஆடுறதைத்தான் காட்டுறார். முருகன் போய் அங்க அவங்களோட ஆடுறான். அவங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கல! வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்குப் போன சாமிக்கு மலையில பாட்டு இல்லைன்னு சொல்ல நான் யாரு?

ஒரு நாள் ஒரு பிள்ளையோட அம்மா, தோட்டத்துல இருந்து வந்து கைகால் கூடக் கழுவாம மண்டபப் படியில உட்கார்ந்திருந்தாங்க. கையெல்லாம் ஏலக்காய் வாசம். நாங்க திஸ்ர நடையில ஒரு பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தோம். பாட்டு முடிஞ்சதும் அந்தக்கா, "இது நாங்க பழனிக்கு நடந்து போறப்ப பாடுற மாதிரியே இருக்கு தம்பி"ன்னு சொல்லி, ரெண்டு அடி காவடிச்சிந்து பாடினாங்க. நடைக்குத் தகுந்த தாளம், பிசிறே இல்லை. நான் ஒரு வருஷமா பிள்ளைங்களுக்குத் தொடையில தட்டிச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தது அவங்க காலுல இருந்துச்சு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தைக் கழுகுமலை முருகனுக்காகப் பாடினார். 1865ல பிறந்து 1891லயே போயிட்டார், இருபத்தாறு வயசு! அவரை ஆதரிச்சவர் ஊத்துமலை ஜமீன். பாட்டைக் கட்டினது புலவன், சோறு போட்டது ஜமீன், நூறு வருஷத்துக்கும் மேலா சுமந்துக்கிட்டு வர்றது காவடி எடுக்கிற கால்கள். இப்ப அதே சிந்து கச்சேரி மேடையில கடைசியில துக்கடாவா வருது. அப்ப யாரு யாருக்குக் கொடுத்தாங்க? யாரு யாருகிட்ட கடன் வாங்கினாங்க?

கடன்னு சொன்னேன்ல, இங்கதான் எனக்குக் கொஞ்சம் தெளிஞ்சுது. நான் தானம் பண்றேன்னு நினைச்ச வரைக்கும், என்னை மாதிரி தானம் பண்ணாதவன் எனக்குக் கீழ. கடனை அடைக்கிறேன்னு நினைச்சா கதை மாறுது. எனக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் மாசம் வாங்குன கட்டணம் ரொம்பக் கொஞ்சம். அவங்க எனக்குக் கொடுத்ததுக்கு அது ஈடே இல்லை. அந்த மிச்சத்தைத்தான் நான் ஞாயித்துக்கிழமை திருப்பிக் கட்டுறேன். கடனைக் கட்டுறவன் இன்னொருத்தன் பிழைப்பை எடுத்துக் கட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சுப் பேசினேன். "ஆறு நாளும் மேளம் வந்தா நாங்க பாடுறோம். மேளம் இல்லாத நாளுல பாட மாட்டோம்." இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு தெரியுமா? சாமி சந்நிதியில பாட மாட்டேன்னு சொல்றதா? ஒருத்தர், "முருகனுக்குப் பாடுறதுக்கு நீ கண்டிஷன் போடுறியா தம்பி?"ன்னு கேட்டே விட்டார். அந்தக் கேள்வி இன்னும் குத்துது. ஒரு வேளை நான் பண்ணினது தப்பா இருக்கலாம். கடைசியில நாலு நாள் மேளம்னு முடிவாச்சு. கூடுன ரெண்டு நாள் செலவுல பாதியை எங்க பாட்டுக் குழுவுல வேலைக்குப் போற அஞ்சாறு பேர் பகிர்ந்துக்கிட்டோம். ஆறு நாள் கேட்டேன், நாலுதான் கிடைச்சுது. பாக்கி ரெண்டு நாள் மிஷின்தான் அடிச்சுது. நாங்க அந்த ரெண்டு நாளும் போய்ச் சாமி கும்பிட்டு, பாடாமத் திரும்பி வந்தோம். பிள்ளைங்களுக்கு அழுகை.

ஐயாகிட்ட நான் வேற ஒண்ணு கேட்டேன். ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு ஒரு மணி நேரம் வந்து பிள்ளைங்க சுருதியைச் சரி பண்ணணும், அதுக்குச் சம்பளம் வாங்கிக்கணும்னு. சம்பளம்னதும் முகத்தைத் திருப்பிக்கிட்டார். "பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவா காசு?"ன்னார். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "ஐயா, நீங்கதானே கேட்டீங்க, கூலி வாங்கினா சேவை இல்லையான்னு. இப்ப நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "சரி, பஸ்ஸுக்கும் டீக்கும் கொடுங்க"ன்னார். பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகுறதைவிடக் கூடவேதான் கவர்ல வெச்சுக் கொடுக்கிறோம். எண்ணிப் பார்க்காமச் சட்டைப் பையில வெச்சுக்கிறார்.

இப்ப புதுசா ஒரு விஷயம். அந்தச் சிந்து பாடின அக்காவோட பொண்ணு, ஏழாம் வகுப்பு, நாயனம் கத்துக்கணும்னு நிக்குது. ஐயாவுக்கு முதல்ல அதிர்ச்சி, பொம்பளைப் பிள்ளையான்னு. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயி அம்மாவை ஞாபகப்படுத்தினேன். பழனிக்குப் பக்கத்துல ஆயக்குடியில பிறந்து, பெண்கள் தொடாத நாகஸ்வரத்தை எடுத்து ஊரெல்லாம் வாசிச்சவங்க. "தெரியும், கேட்டிருக்கேன்"ன்னார். அப்புறம் கொஞ்சம் குரல் இறங்கி, "கடைசிக் காலத்துல அவங்க பட்ட கஷ்டமும் தெரியும் தம்பி"ன்னார். 2012ல அவங்க காலமானாங்க. வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் வாசிக்கிறதை விட்டுட்டு, வறுமையிலதான் இருந்தாங்க.

அந்தக்காவும் அதையேதான் கேட்டாங்க. ஜீப்புல இருந்து இறங்கின கையோட, நேரா என்கிட்ட வந்து: "பழனியில தேவஸ்தானப் பள்ளிக்கூடம் இருக்காமே, அங்க சேர்த்து விடலாம்னு ஐயா சொல்றார். நான் வேண்டாம்னு சொல்லல தம்பி. நாயனம் கத்துக்கிட்டா நாளைக்கு அதுக்குச் சோறு கிடைக்குமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

கிடைக்கும்னு சொல்ல எனக்கு வாய் வரல. கிடைக்காதுன்னு சொல்லவும் மனசு வரல. "நம்ம கோயில்ல நாலு நாளாவது இருக்குக்கா"ன்னேன். அக்கா சிரிச்சாங்க. "வருஷத்துல நாலு நாளா?"

போன ஞாயித்துக்கிழமை ஐயா ஒரு பழைய சீவாளியைக் கொண்டு வந்து அந்தப் பிள்ளை கையில கொடுத்தார். நாயனம் இல்லை, வெறும் சீவாளி. வெந்நீர்ல நனைச்சு, உதட்டுல எப்படி வெக்கணும்னு காட்டினார். பிள்ளை கன்னத்தை உப்பி ஊதுச்சு. காத்துத்தான் வந்துச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் சிரிச்சு உருண்டாங்க. பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ, "ப்பீ"ன்னு ஒரு சத்தம். தூண்ல சாஞ்சிருந்த ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை ஊது தாயி"ன்னார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வகுப்பு இருக்கு. போடிப் பக்கம் வந்தீங்கன்னா வாங்க.

முருகா சரணம்.